கதைக்குக் கீழே வந்த ஒரு பின்னூட்டம்: நீக்கலாமா, பதில் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

தூறல்:
மூன்று வருடமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதி, போன வாரம்தான் ஒரு சிறுகதையைப் பொதுவில் போட்டேன். இறந்துபோன அப்பாவின் அறையை ஒழிக்கும் ஒரு மகளின் கதை. 37 பேர் வாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: "அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மகள் போட்டுப் பார்க்கிறாள், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, கதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் இரண்டு பத்தியும் நமக்குப் புரியாதோ என்ற பயத்தில் எழுதியது. இவருக்கு எழுத வராது, யாராவது உண்மையைச் சொல்ல வேண்டுமே."

அந்த 37 பேர் சொன்னதில் ஒரு வரிகூட நினைவில்லை. இது மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். பல் தேய்க்கும்போதுகூட மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீக்கிவிடலாமா என்று கை அரிக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரம்பம்:
நீக்காதீர்கள். இவ்வளவு உறுத்துகிறது என்றால் எங்கோ சரியாகப் பட்டிருக்கிறது. "அருமை", "கண் கலங்கியது", "தொடருங்கள்" என்று போட்டவர்களில் எத்தனை பேர் கடைசிவரை படித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த மனிதர் படித்திருக்கிறார், எந்த இடத்தில் முடித்திருக்கலாம் என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். காசு கொடுத்தாலும் கிடைக்காத வாசிப்பு அது. வெயிலில் இறங்கிவிட்டு வெயிலைத் திட்டினால் எப்படி?

மின்மினி:
ரம்பம் சார், கடைசி வாக்கியத்தை வசதியாக விட்டுவிட்டீர்களே. "இவருக்கு எழுத வராது" என்பது கதையைப் பற்றியா, ஆளைப் பற்றியா? 37 பேர் மறந்துபோய் ஒருவர் மட்டும் நிற்பதற்கு அவர் சொன்னது சரி என்பதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நல்லதைவிடக் கெட்டது மனதில் ஆழமாகப் பதிகிறது என்று உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் இன்னும் மூன்று பேரும் 2001இலேயே விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தப்பான விமர்சனமும் இதே அளவுக்கு உறுத்தும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் கதை தெரியும்தானே? 1897இல் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது. போதிய ஒத்திகை இல்லாமல் மோசமாக வாசித்தார்கள். சேசர் குயீ என்பவர் அதை எகிப்தின் ஏழு வாதைகளோடு ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதினார். மனிதர் கிட்டத்தட்ட மூன்று வருடம் பெரிதாக எதுவும் இயற்றவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்த சிம்பொனியை யாரும் மறுபடி வாசிக்கவில்லை, 1945இல்தான் திரும்பவும் மேடையேறியது. உறுத்தியதால் அது நல்ல விமர்சனமா?

ரம்பம்:
அதே ரக்மானினோவ் நிக்கோலாய் டால் என்ற மருத்துவரிடம் போய்த் தேறி, 1901இல் தன் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை முழுசாக வாசித்துக் காட்டினாரே, அந்தப் பாதிக் கதையை ஏன் முழுங்கிவிட்டீர்கள்?

மின்மினி:
தேறி வந்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. தேறாமல் போனவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? அடித்தவனுக்கு அதில் என்ன பங்கு, குணமாக்கியது மருத்துவர்.

தூரிகைக்காரன்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் வரைகிறவன், என் அனுபவம் ஒன்று. பாட்டியின் இரண்டு கைகளும் மடியில் கிடப்பதுபோல் நீர்வண்ணத்தில் ஒரு படம். நரம்பு, சுருக்கம், நகத்தடி நிழல் எல்லாம் பார்த்துப் பார்த்து ஆறு வாரம் வேலை. போட்டதும் ஒரே பாராட்டு. மூன்றாம் நாள் ஒரு பையன், "உங்கள் பாட்டிக்கு இரண்டும் இடது கையா?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தான். கொதித்துப்போனேன். இரவு ஒரு மணிக்கு நீ யார், என்ன வரைந்திருக்கிறாய் என்று நீளமாகப் பதில் போட்டேன். அவனுக்கு ஆதரவாக நாலு பேர், எனக்காக நாலு பேர், விடிவதற்குள் படத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

காலையில் படத்துக்கு முன்னால் என் வலது கையை நீட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் தப்பான பக்கம்தான் இருந்தது. ஆறு வாரம் பார்த்த எனக்குத் தெரியவில்லை, பாராட்டிய யாருக்கும் தெரியவில்லை.

அவன் கிண்டல் செய்தான் என்பதும் உண்மை, விரல் தப்பு என்பதும் உண்மை. கிண்டலுக்குப் பதில் சொல்லப் போய் விரலைப் பார்க்காமல் விட்டதுதான் என் முட்டாள்தனம். இப்போதெல்லாம் அப்படி ஏதாவது வந்தால் அதை ஒரு காகிதத்தில் எழுதி, ஆளைப் பற்றிய வரியைப் பேனாவால் அடித்துவிடுவேன். மிச்சம் ஏதாவது நின்றால் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பேன். பல சமயம் ஒன்றும் நிற்காது, காகிதம் குப்பைக்கு.

மின்மினி:
இது நியாயம். ஆனால் அந்தப் பேனாவை ஏன் நாம் பிடிக்க வேண்டும்? எழுதுகிறவரே அடித்துவிட்டு அனுப்பினால் ஆகாதா?

ஓலைச்சுவடி:
சீத்தலைச் சாத்தனாரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் குத்திக்கொள்வாராம், அதனால் தலை சீழ் பிடித்தே இருந்ததாம். கவனியுங்கள், குத்தியது தன் தலையில். எழுதியவன் தலையில் இல்லை. (பெயருக்காகப் பிற்காலத்தில் கட்டிய கதை என்பார்கள், இருக்கட்டும்.)

ரம்பம்:
ஓலைச்சுவடி ஐயா, சிரித்துவிட்டேன். சரி, அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னூட்டத்தை முழுசாக நீக்கினால் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து போய்விடுமே. அப்புறம், ஆளைப் பற்றிய வரியை அடிக்க வேண்டும் என்றால் "நீங்கள் பிறவி எழுத்தாளர்" என்ற பாராட்டையும் அடியுங்கள். அதுவும் கதையைப் பற்றியது இல்லை. அதை மட்டும் யாரும் நீக்குவதாகத் தெரியவில்லை.

மின்மினி:
அவர் பக்கம், அவர் இஷ்டம். நான் இன்னும் நீக்கச் சொல்லித்தான் சொல்வேன். வேண்டியதைக் குறித்துக்கொண்டு நீக்கலாம், கதையைத் திறக்கும் ஒவ்வொரு புது ஆளும் முதலில் "எழுத வராது" என்பதையா பார்க்க வேண்டும்? தப்பைச் சுட்டத் தெரிந்தவருக்கு அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது அப்படி ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

தூறல்:
எல்லோருக்கும் நன்றி. தூரிகைக்காரன் அண்ணா சொன்னபடி காகிதத்தில் எழுதி ஒரு வரியை அடித்தேன், அதை அடிக்கும்போது நன்றாகவே இருந்தது. மிச்சத்தை நாலு நாள் திறக்கவில்லை. நேற்று, கண்ணாடி வரும் இடத்தோடு நிறுத்தி, கதையை வாய்விட்டுப் படித்தேன். அடுத்த இரண்டு பத்தியும் இல்லாமலே நின்றது. அதில் "அப்பா பார்த்த உலகம் இனி அவளுக்குத் தெரியவே போவதில்லை" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம், அதை எடுத்ததில்தான் வருத்தம்.

பின்னூட்டத்தை நீக்கவில்லை. அவருக்கு நன்றியும் சொல்லவில்லை, சொல்ல மனசு வரவில்லை. புதிய வடிவத்தைப் போட்டிருக்கிறேன்.

மின்மினி:
நன்றி சொல்லாதது சரி!

ரம்பம்:
படித்தேன். முடிவு இப்போது கச்சிதம். மூன்றாம் பத்தியில் மட்டும் "மௌனமாக" மூன்று முறை வருகிறது.

தூறல்:
நாலு.