வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் லினக்ஸில் படுத்துகின்றன, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மேசைக் கணினியில் டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) வைத்திருக்கிறேன். ஒரே யூஎஸ்பி ரிசீவரில் ஓடும் கீபோர்டு, மவுஸ் ஜோடி மூன்று வாரமாகத் தகராறு. 'அம்மா' என்று அடித்தால் 'அம்ம்ம்ம்ம்மா' என்று விழுகிறது; விரலை எடுத்த செய்தி கணினிக்குப் போய்ச் சேரவில்லை போலும். மவுஸைச் சற்று நேரம் தொடாமல் விட்டால், முதல் கிளிக் காணாமல் போகிறது.

பேட்டரி புதிது. தம்பியின் லேப்டாப்பில் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன, அதனால் பொருளில் கோளாறு இல்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவிலும் இணைப்பு அறுந்ததாக எதுவும் இல்லை. யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் (சும்மா இருக்கும் கருவியை மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கவைக்கும் வசதி) மீது சந்தேகப்பட்டு, ரிசீவரின் பவர் கண்ட்ரோலை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்கினேன். மவுஸ் சரியாகிவிட்டது! ஆனால் ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடுகிறது. இதை நிரந்தரமாக்க யூடெவ் விதி (கருவி இணைந்ததும் லினக்ஸ் தானாகச் செய்யவேண்டியதைச் சொல்லும் வரி) எப்படி எழுதுவது?

கீபோர்டுதான் இன்னும் அடங்கவில்லை. ரிசீவர் பின்பக்க யூஎஸ்பி 3.0 போர்ட்டில், வெளி ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிஸ்கில் காப்பி ஓடும்போது தொல்லை அதிகம். யூஎஸ்பி 3.0 கிளப்பும் மின் இரைச்சல், இதுபோன்ற வயர்லெஸ் ரிசீவர்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்பது தெரியும். என் கணினியில் வேறு போர்ட் காலியாக இல்லை. எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுச் சரிசெய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை அடி வாங்கினீர்கள்? அப்பாவின் கையெழுத்துக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது.