லூட் பாக்ஸ் சூதாட்டம்தானா?

இரவுப்பறவை:
தம்பிக்கு 13 வயது. நேற்று அவன் கேமில் லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன பொருள் வரும் என்று தெரியாமலே திறக்கும் பெட்டி, திறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி குலுங்குகிறது, விளிம்பில் பொன்னிற வெளிச்சம் கசிகிறது, இவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். வந்தது ஏற்கெனவே நான்கு முறை வந்த அதே தொப்பி. உடனே அடுத்த பெட்டி. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தேன், அதனால் திட்டவும் வாய் வரவில்லை. இது சூதாட்டமா, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

கணக்குப்பிள்ளை:
அரிய பொருள் வர 1 சதவீத வாய்ப்பு என்றால் 100 பெட்டியில் ஒன்று கட்டாயம் வரும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குலுக்கல் என்றால், 100 திறந்தும் வெறுங்கையோடு நிற்க சுமார் 37 சதவீத வாய்ப்பு உண்டு. தம்பிக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

பழைய ஆட்டக்காரன்:
சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் பணம் கொடுத்து வாங்கும் பெட்டிகள் சூதாட்டமே என்றது. நெதர்லாந்திலோ ஃபிஃபா என்ற கால்பந்து கேமின் பெட்டிகளுக்கு விதித்த அபராதத்தை 2022இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

என்னை உறுத்துவது வேறு. பணத்தை முதலில் கேமுக்குள் மட்டும் செல்லும் வைரமாக மாற்றச் சொல்வார்கள். பெட்டிக்கு 90 வைரம், கடையில் 80 அல்லது 200 வைரம் கொண்ட கட்டுதான் கிடைக்கும். மிச்சம் எப்போதும் கையில் தொங்கும். இது தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது.

இரவுப்பறவை:
இப்போதுதான் பார்த்தேன். அவன் கணக்கில் 20 வைரம் மிச்சம்.