ராடார் மூடிய கண்ணாடியிழை மாஸ்ட்டில் ஈரம்: ஒட்டுப்போடலாமா?

கொச்சியில் ஒரு ரோந்துப் படகின் ராடாரை மூடி நிற்கும் மாஸ்ட்டை (கூடு போன்ற கம்பத்தை) 2 ஆண்டுகளுக்கு முன் நான்தான் வடிவமைத்தேன், 1 மி.மீ. கண்ணாடியிழைத் தோல்கள் இரண்டுக்கு நடுவே 8 மி.மீ. பி.வி.சி. நுரை, ராடார் 9.4 கிகாஹெர்ட்ஸ்.

சென்ற பருவமழைக்குப் பின், இடப்பக்க முன்திசையில் மட்டும் தொலைவு மிதவைகள் திரையில் மங்கலாகத் தெரிகின்றன. கேபிளை மாற்றினோம், பெயின்டில் உலோகத்தூள் இருக்குமோ என்ற ஐயத்தில் சுரண்டிவிட்டு வேறு பூசினோம், பலனில்லை. நாணயத்தால் தட்டினால், அந்தப் பக்கப் பலகையின் போல்ட் துளைகளைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மந்தமாக ஒலிக்கிறது. 3 நாள் விளக்குச் சூடு காட்டியபின் ஒரு வாரம் தெளிவாக இருந்தது. பிறகு பழைய கதைதான். துளை ஓரங்களைப் பிசினால் அடைக்காமல் விட்டது என் பிழை. நுரைக்குள் நீர் இறங்கி, ராடார் அலையைத் தடுக்கிறது.

துளையோர நுரையை மட்டும் வெட்டி மாற்றினால், ஒட்டில் ஏற்படும் தடிமன் வேறுபாடே ராடார் அலையைக் கெடுக்குமா, அல்லது அந்தப் பலகை முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?