சேது காசு ஒரிஜினலா? ஞாயிறுக்கு முன் சொல்லவும்

காலிவீதி88 | வியாழன் இரவு 9.12
வணக்கம். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செம்புக் காசு என்று சொன்னதால் சேது காசு ஐந்து வாங்கியிருக்கிறேன். ஒரிஜினலா என்று யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? படம் இணைத்திருக்கிறேன். அந்த ஆளிடம் இன்னும் பன்னிரண்டு இருக்கிறதாம். நாளைக்குள் எடுக்காவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம். கொஞ்சம் அவசரம்.

லியோ_மெக்கானிக் | 9.20
காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் நல்லது. பத்து வருடமாக நான் இதைத்தான் செய்கிறேன், ஒரு தடவையும் ஏமாறவில்லை.

செட்டியார்தெரு | 9.31
எடை? விட்டம்? மறுபக்கம் எங்கே? ஐந்தையும் அள்ளிப் போட்டு ஒரே படம். அதிலும் மேசைவிரிப்புப் பூதான் தெளிவாகத் தெரிகிறது. எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

நாணயதாசன் | 9.48
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவை வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. முதலில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்பதுதான் இப்போது வழக்கம் போலிருக்கிறது. சேது காசில் ஒரு பக்கம் நிற்கும் அரசர், மறுபக்கம் படுத்த நந்தி, அதற்கு மேலே பிறை, கீழே சேது என்ற எழுத்து. இவ்வளவாவது தெரிந்துதான் வாங்கினீர்களா?

காலிவீதி88 | 10.05
தெரியும் ஐயா, நந்தி இருக்கிறது. எடை பார்க்கவில்லை, வீட்டில் அந்தத் தராசு இல்லை. ஐந்துக்கும் சேர்த்து 22,500 ரூபா. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் சந்தித்தோம். யாழ்ப்பாணப் பக்கம் கிணறு இறைத்தபோது கிடைத்ததாம். ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. அப்போ சரிதானே?

செட்டியார்தெரு | 10.17
சரியில்லை தம்பி. காந்தம் இரும்பையும் நிக்கலையும்தான் பிடிக்கும். செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி ஒன்றும் ஒட்டாது. போலி செய்கிறவன் ஆணியை உருக்கியா செய்வான்? ஒட்டினால் கதை முடிந்தது, ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான் காந்தம்.

லியோ_மெக்கானிக் | 10.22
அப்படியென்றால் தண்ணீரில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பின் அடர்த்தி 8.96. பித்தளை என்றால் 8.5 அளவில் வரும். ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்தது, நான் கண்டுபிடித்ததல்ல.

செட்டியார்தெரு | 10.40
ஆர்க்கிமிடீஸ் நிறுத்தது கிரீடம், லியோ. இது 4 கிராம் அளவுள்ள காசு. தண்ணீருக்குள் தொங்கவிட்டால் செம்பு 0.45 கிராம் குறையும், பித்தளை 0.47 குறையும். கடைத் தராசு காட்டும் கடைசி இலக்கமே 0.01. நூல் ஈரமானாலே அந்த வித்தியாசம் போய்விடும். பொன் காசு என்றால் வேறு கதை. 4 கிராம் 22 கரட் பொன் 0.23 அளவில்தான் குறையும், பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் உடனே காட்டிக் கொடுக்கும். செம்புக் காசுக்கு இது உதவாது.

பச்சைக்கிளி_தெமட்டகொட | 10.52
களிம்பைப் பாருங்கள். பழைய செம்பென்றால் பச்சைக்கு அடியில் சிவந்த படலம் ஒன்று இருக்கும், இரண்டும் காசோடு ஊறிப் பிடித்திருக்கும். கெமிக்கல் போட்டு வரவைத்த பச்சை ஈர்க்கால் சுரண்டினால் மாவாக உதிரும். சிலர் பெயின்ட்டே அடிப்பார்கள். கியூட்டெக்ஸ் அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பஞ்சு பச்சையாகும். உங்கள் படத்தில் காசு பளபளவென்று இருக்கிறதே, களிம்பு எங்கே?

காலிவீதி88 | 11.03
களிம்பு இருந்தது. அம்மா பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டார். குத்துவிளக்கோடு சேர்த்து.

நாணயதாசன் | 11.06
சிவ சிவா.

பச்சைக்கிளி_தெமட்டகொட | 11.09
உண்மையான காசாக இருந்தாலும் பாதி விலை அந்தப் புளித்தண்ணீரோடு போயிருக்கும். அது கிடக்கட்டும், பச்சை கழுவும்போது லேசாகக் கழன்றதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

காலிவீதி88 | 11.15
ஒரு நிமிடத்தில் போய்விட்டதாம். வெளிச்சத்தில் புதுப்படம் இரண்டு பக்கமும் எடுத்துப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து கெதியாகச் சொல்லுங்கள், சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை கனடா திரும்புகிறார். அவர் காசு சேர்க்கிறவர், அவருக்குத்தான் பரிசு.

நாணயதாசன் | 11.34
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1815 மார்ச் 2-க்கு முந்திய பொருளை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, காசும் அதில் அடக்கம். கிணற்றில் கிடைத்தது என்ற கதை உண்மையென்றால் அதை விற்க அந்த ஆளுக்கே உரிமை இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பையைத் திறந்தால் உங்கள் சித்தப்பாதான் பதில் சொல்ல வேண்டும்.

லியோ_மெக்கானிக் | 11.37
போலி என்றால் தாராளமாகக் கொண்டுபோகலாம் 😀

நல்லூரான் | வெள்ளி காலை 6.50
யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசை இப்படிப் புளிபோட்டுத் தேய்த்ததை வாசித்து நெஞ்சு பதைத்தது. எங்கள் அரசர்கள் அச்சடித்ததில் இன்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது இது ஒன்றுதானே.

இராமநாதபுரத்தான் | 8.15
நண்பரே, சேது என்றாலே சேதுபதி, எங்கள் இராமநாதபுரத்து மன்னர். இராமேசுவரமும் அணையும் எங்கள் சீமை. ‘சேதுபதி’ என்றே எழுதிய செப்புக் காசுகள் எங்கள் பக்கம் கிடைக்கின்றன. நந்திக் காசை மட்டும் எப்படி யாழ்ப்பாணத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள்?

நல்லூரான் | 8.40
சேதுகாவலன் என்பது ஆரியச்சக்கரவர்த்திகளின் பட்டம். கேகாலைப் பக்கம் கோட்டகமவில் அவர்கள் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு ‘சேது’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. மதுரை நாயக்கர் சடைக்கனைச் சேதுபதி ஆக்கியது 1605 அளவில். இந்தக் காசிலோ நிற்கும் அரசர் உருவம் பொலன்னறுவைச் சிங்கள அரசர்களின் மாசக் காசில் இருப்பதன் தொடர்ச்சி. எது முந்தியது?

இராமநாதபுரத்தான் | 9.02
1605-க்கு முன்னும் சேதுவுக்குக் காவலர் இருந்தார்கள். கல்வெட்டின் தொடக்கத்தில் ஒரு சொல் இருப்பதால் காசும் அவர்களுடையது ஆகிவிடுமா?

நல்லூரான் | 9.10
ஆகும்.

(இடையில் ஒன்பது பதிவுகள் இதே விஷயம். மட்டுறுத்துநர் சுருக்கியுள்ளார்.)

குட்டி_மாபோல | 11.25
அண்ணாமாரே, இழை சூடாக இருக்கிறபோது கேட்கிறேன். தாத்தாவின் பெட்டியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்று இருக்கிறது. 1818, ஒரு அணா, ராமர் பட்டாபிஷேகம். அரிசி மணியைத் தன்பக்கம் இழுக்கும் அபூர்வ சக்தி அதற்கு உண்டு என்று ஒருவர் பல இலட்சம் பேசுகிறார். உண்மையா?

நாணயதாசன் | 11.31
தனி இழை திறக்கவும். திறந்தாலும் பதில் இதுதான்: கம்பெனி எல்லா மாகாணங்களுக்கும் பொதுவாகக் காசு அடித்தது 1835-இல். ராமர் படத்தோடு ஒரு அணா அது ஒருபோதும் வெளியிடவில்லை. அரிசியை இழுக்கும் என்பவர் கடைசியில் உங்களிடம்தான் ‘பரிசோதனைச் செலவு’ கேட்பார்.

செட்டியார்தெரு | மதியம் 12.20
காலிவீதி தம்பிக்கு. புதுப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய காசைத் தகட்டை வைத்து மேல் அச்சைச் சுத்தியலால் அடித்துத்தான் செய்தார்கள். அதனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்றில் உருவம் இடப்பக்கம் ஒதுங்கும், ஒன்றில் விளிம்பு வெடித்திருக்கும், எடையும் கூடிக் குறையும். உங்கள் 2, 3, 5-ஐ வரிசையாக வைத்து ஒரே இடத்தைப் பாருங்கள், நந்தியின் திமிலுக்குப் பின்னால். எனக்கு மூன்றிலும் ஒரே குழி தெரிகிற மாதிரி இருக்கிறது. அடித்த காசுகளில் தேய்மானமும் காயமும் ஒன்றாக வராது, ஒரே கருவில் வார்த்தால்தான் வரும். விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், வார்ப்புக் கோடு ஒன்று சுற்றிவர இருக்கலாம், அல்லது அதை அரத்தால் ராவிய கீறல் இருக்கலாம்.

நாணயதாசன் | 12.41
வார்ப்பு என்றாலே போலி என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள், நாளைக்கு யாராவது நல்ல இலட்சுமித் தகட்டை, அதாவது இலட்சுமி உருவம் உள்ள பழைய காசை, குப்பையில் போடுவார்கள். அவற்றில் அந்தக் காலத்திலேயே வார்த்தவை உண்டு. சேது காசைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் குழி படத்தின் நிழலாகவும் இருக்கலாம். எழுத்து நன்றாக இருக்கிறது, தெளிவாக வாசிக்க முடிகிறது. நான் 50-50 என்பேன்.

கொட்டாஞ்சேனை_டீச்சர் | 1.55
எனக்குக் காசு பற்றி ஒன்றும் தெரியாது, மகன் வாசிப்பதை எட்டிப் பார்த்தேன். ஒரு சந்தேகம். படத்தில் ‘சே’ என்பதற்கு இரட்டைக் கொம்பு போட்டிருக்கிறதே, மேலே சுழியோடு, நாங்கள் இன்று எழுதுகிற மாதிரியே. அந்தச் சுழியைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்றுதான் நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு முன் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றைக் கொம்புதான், வேறுபடுத்த வேண்டுமென்றால் குறிலுக்குப் புள்ளி வைப்பார்கள். அவர் இத்தாலியிலிருந்து வந்தது 1710 அளவில். யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் எடுத்தது 1619. அப்போ இந்தக் காசை யார் அடித்தது?

பச்சைக்கிளி_தெமட்டகொட | 1.58
ஐயோ.

செட்டியார்தெரு | 2.04
டீச்சர், நீங்கள் இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள். காந்தம், தண்ணீர், களிம்பு என்று எல்லாம் பார்த்தோம், காசில் எழுதியிருப்பதை ஒருவரும் வாசிக்கவில்லை.

நல்லூரான் | 2.20
நானும் கவனிக்கவில்லை. வாசிக்க முடிந்ததே என்ற சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். நல்ல சேது காசில் அந்த எழுத்து இன்றைய கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, அதுதான் உண்மை.

நாணயதாசன் | 2.47
எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது.

லியோ_மெக்கானிக் | 2.49
50-50 என்று எழுதியது வேறு யாரோ?

நாணயதாசன் | 2.53
சந்தேகம் என்றால் 50-50தான். காலிவீதி, மற்றப் பன்னிரண்டையும் எடுக்க வேண்டாம். இந்த ஐந்தைச் செட்டியார் தெருவில் கரட் பார்க்கும் மெஷின் உள்ள கடையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் காசுகளைப் போய்ப் பாருங்கள். நல்லதைக் கண் நிறையப் பார்க்காதவருக்குப் போலியும் நல்லதாகத்தான் தெரியும்.

செட்டியார்தெரு | 6.30
@காலிவீதி88 இருக்கிறீர்களா? மறுபடி பணம் கொடுத்துவிடவில்லையே?

பச்சைக்கிளி_தெமட்டகொட | இரவு 9.45
ஆளைக் காணவில்லை. பன்னிரண்டையும் வாங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

காலிவீதி88 | சனி மாலை 5.18
வாங்கவில்லை. மெஷினில் செம்பு 63, துத்தநாகம் 35, மிச்சம் ஏதோ. பித்தளை என்று கடைக்காரர் சிரித்தார். எடை 2, 3, 5 மூன்றும் 3.6 சொச்சம், குழியும் ஒரே இடத்தில் இருக்கிறது. விற்றவரின் ஃபோன் வேலை செய்யவில்லை. சித்தப்பாவுக்கு மஸ்கட் இனிப்பு இரண்டு பெட்டி வாங்கினோம். எல்லாருக்கும் நன்றி, டீச்சருக்கு விசேஷமாக.

லியோ_மெக்கானிக் | 5.25
அந்த ஐந்தையும் என்ன செய்யப் போகிறீர்கள்? யாரிடமும் தள்ளிவிடாதீர்கள்.

காலிவீதி88 | 5.31
அம்மா குத்துவிளக்குத் தட்டில் போட்டு வைத்திருக்கிறார்.

இராமநாதபுரத்தான் | 7.02
எல்லாம் சரி. கோட்டகமக் கல்வெட்டு பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.