முள்ளந்தண்டு பாதித்த சித்தப்பாவைப் பராமரிக்க ஆள் தேவை (புதுக்குடியிருப்பு)

வணக்கம் உறவுகளே, வன்னியில் இருப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். 2009 இல் ஷெல் பட்டதிலிருந்து சித்தப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இவ்வளவு காலமும் அப்பம்மாதான் பார்த்தவர், இப்போது அவருக்கே முழங்கால் ஏலாது, படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டிவிட வேண்டும் என்றால் தனிய எப்படிச் செய்வது? குதிகாலில் படுக்கைப்புண் வந்ததே விரிப்பில் ஈரக்கறை கண்ட பிறகுதான் தெரிந்தது, அவருக்கு நோவே இல்லை.

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 இல் 7,500 இலிருந்து 10,000 ரூபாய் ஆனது உண்மைதான், ஆனால் பம்பர்ஸ், கதீற்றர் (சிறுநீர் போகும் குழாய்), மருந்து கட்டும் துணி எல்லாம் வாங்கவே அது போய்விடுகிறது. ஆளுக்குச் சம்பளம் நாங்கள் வெளியிலிருந்து சேர்த்து அனுப்புவோம்.

கதீற்றர் மாற்றவும் புண் கட்டவும் பழகிய ஆண் ஒருவர் பகலில் வந்துபோக முடிந்தால் பெரிய உதவி. இல்லையென்றால் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் தாயையும் மகனையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இல்லம் ஏதும் உண்டா? பிரித்து அனுப்ப மனம் வரவில்லை, அவர்களும் சம்மதிக்க மாட்டார்கள். அப்புறம், பாவித்த காற்று மெத்தை யாரிடமாவது இருந்தால் உடனே உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து எடுக்கிறோம்.