எடுத்துவைத்த புத்தகம்: 7 நாளில் ஹோல்டு தானாக ரத்தாகலாமா?

பாலாற்றுவாசி:
வேலூரில் எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள்தான். ஹோல்டு போட்ட, அதாவது எனக்கு எடுத்துவையுங்கள் என்று முன்பதிவு செய்த புத்தகத்தை 7 நாளில் வாங்காவிட்டால் தானாக ரத்து. பொங்கலுக்கு ஆம்பூர் போய்த் திரும்புவதற்குள் என் புத்தகம் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. ரத்து செய்வதை நூலகர் பார்த்து முடிவெடுக்கட்டும், மெஷினிடம் விடாதீர்கள்.

கவுண்டர் அக்கா:
நான் குடியாத்தம் பக்கம் வேறொரு நூலகத்தில் இருக்கிறேன். தம்பி, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும் மாணவர்தானே? கையால் ரத்து செய்த காலத்தில் "நாளைக்கு வர்றேன் மேடம்" என்று ஃபோன் வந்தபடி இருக்கும். தெரிந்தவருக்கு ஒரு நியாயம், தெரியாதவருக்கு ஒரு நியாயம். இரவில் தானாக ஓடி ரத்து செய்யும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) யார் முகத்தையும் பார்க்காது.

பாலாற்றுவாசி:
முகம் பார்க்காது, சரி. நியூசிலாந்தில் 2000-இல் பிறந்த மென்பொருளுக்குப் பொங்கலும் தெரியாதே அக்கா!

காட்பாடி டெக்:
சொல்லிக்கொடுத்தால் தெரியும். 7 என்பது நிறுவும்போதே வரும் எண், மாற்றிக்கொள்ளலாம். காலண்டரில் விடுமுறையை ஏற்றிவிட்டு, கெடுவில் அந்த நாட்களைச் சேர்க்காதே என்று ஒரு செட்டிங்கைப் போட்டால் போதும்.

ஆனால் அக்கா, மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதும் சரியில்லை. திரும்பி வந்த புத்தகத்தைச் செக்-இன் செய்ததும், அதாவது வந்துவிட்டதாகக் கணினியில் பதிந்ததும், ஹோல்டு இருப்பதாகத் திரையில் ஒரு பெட்டி எழும். அதை உறுதிசெய்தால்தான் ஹோல்டு ‘காத்திருப்பு’ நிலைக்கு மாறும், கெடுவும் அப்போதுதான் தொடங்கும். அவசரத்தில் பெட்டியைத் தள்ளிவிட்டால் புத்தகம் ரேக்குக்குப் போய்விடும், கேட்டவர் வரிசையிலேயே நிற்பார். வேறு கிளையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தால் புத்தகம் முதலில் ‘பயணத்தில்’ என்று காட்டும். அங்கே போய்ச் செக்-இன் ஆன பிறகுதான் காத்திருப்புக் கணக்கு.

இரவில் ரத்தானாலும் புத்தகம் ஹோல்டு அலமாரியிலேயேதான் இருக்கும். காலையில் யாராவது மறுபடி செக்-இன் செய்தால்தான் அடுத்தவர் பெயர் வரும். கோஹாவின் புதிய பதிப்புகளில் இதைத் தானாகச் செய்ய ஒரு செட்டிங் உண்டு, அதையும் யாராவது போட்டுவைக்க வேண்டுமே.

பாலாற்றுவாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பாதி வேலை ஆள் கையில்தான் என்றால், ரத்தும் அவர் கையில் இருந்தால் என்ன?

கவுண்டர் அக்கா:
செக்-இன் செய்ய மறந்தால் தாமதம், அவ்வளவுதான். ரத்தை எங்களிடம் விட்டால் சிபாரிசு நுழையும். காலண்டரை ஏற்றச் சொல்லி உங்கள் நூலகரிடம் கேளுங்கள், நியாயமான கோரிக்கை. "ஆளைப் பார்த்து முடிவு" என்பதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.