பிறர் பெயரில் பதிவாகும் உழைப்பை மதிப்பீட்டுப் படிவத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி:

எங்கள் நிறுவனத்தில் ஆண்டு மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது. உடன் பணியாற்றும் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் கருத்து எழுதித் தர வேண்டும். நான் எழுதவிருப்பவர் எங்கள் மென்பொருள் குழுவின் மூத்த உறுப்பினர். வாடிக்கையாளருடன் பேசும் பொறுப்பும் அவருடையதே. மூன்று ஆண்டுகளாக அவருடைய வேலைமுறையை அருகிலிருந்து பார்த்து வியந்து வருகிறேன். படிவமோ, அவர் தனிப்பட்ட முறையில் சாதித்தவை எவை என்று கேட்கிறது. அவர் செய்தவற்றில் பெரும்பகுதி எங்கள் பெயர்களில்தான் பதிவாகியிருக்கிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மாதாந்திர அறிக்கை ஒன்றில் கூட்டுத்தொகை தவறாகப் போய்விட்டது. பிழை என்னுடையது, முந்தைய நாள் இரவே கண்டுபிடித்து அவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காணொலி அழைப்பு தொடங்கியதும், வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அவரே பேச்சை எடுத்தார். "இந்தத் தொகை தவறு. எங்கள் சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டும், அந்தச் சோதனைக்கு ஒப்புதல் கொடுத்தது நான்தான்" என்றார். எதிர்ப்பக்கத்து நிதிப் பிரிவினர் கடுமையாகப் பேசியபோதும் என் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வாரம் திருத்தம் முடிந்த பிறகு, அதே கூட்டத்தில், "திருத்தியவரே விளக்கட்டும்" என்று என்னைப் பேசச் சொன்னார். அன்றிலிருந்து அறிக்கையில் எந்த ஐயம் எழுந்தாலும் அவர்கள் நேராக என்னையே அழைக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் கூட்டக் குறிப்பு எல்லோருக்கும் வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் "சீக்கிரம் வேண்டும்" என்றால், எந்தத் தேதிக்கு முன் என்று அங்கேயே கேட்டு, அந்தத் தேதியைத்தான் எழுதுவார். புதிய வேலை ஒன்றைச் செருகச் சொன்னால் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லாமல், அதற்காக எதைத் தள்ளிவைக்கலாம் என்று பட்டியலை அவர்கள் முன் வைத்துவிடுவார்.

நண்பரைப் புகழ்வதாகத் தோன்றாமல் இவற்றை எப்படி எழுதுவது?

மறுமொழி 1:

இத்தகைய படிவங்களைப் படித்து முடிவெடுக்கும் இடத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "குழு மனப்பான்மை மிக்கவர்", "அனைவரையும் அரவணைத்துச் செல்பவர்" போன்ற தொடர்கள் பத்துப் படிவங்களில் எட்டில் இருக்கும். கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் இங்கே எழுதிய அறிக்கை நிகழ்ச்சியை அப்படியே எழுதுங்கள். உங்கள் பிழையை ஒப்புக்கொள்ளத் தயக்கம் இல்லையென்றால் அதையும் மறைக்க வேண்டாம். வாடிக்கையாளர் இப்போது உங்களை நேரடியாக அழைக்கிறார் என்பதுதான் அவருடைய தனிப்பட்ட சாதனை. படிவம் கேட்பதும் அதையே.

மறுமொழி 2:

எனக்குச் சிறு தயக்கம் உண்டு. எங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் இடையே பாலமாக நின்றதில் அவருடைய சொந்த வேலை இரவுகளுக்குத் தள்ளிப்போனது. பதவி உயர்வின்போது அந்தக் குறைதான் கணக்கில் வந்தது. அவர் விலகிய பிறகு, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாடிக்கையாளர் தவித்தார். ஆகவே, உங்கள் சகா விடுப்பில் இருக்கும்போது வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தடையின்றி நடந்தால் அதையும் எழுதுங்கள்; அதைவிட வலுவான சான்று கிடையாது. எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

மறுமொழி 3:

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில்தான் என் கண் நின்றது: பிழையை இரவே அவரிடம் சொல்லிவிட்டீர்கள். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். சிறந்த குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அவற்றில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அக்குழுக்களில் பிழையை வெளிப்படையாகப் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் வெளியிட்ட கட்டுரையில் பணிக்குழுக்களின் உளவியல் பாதுகாப்பு பற்றி, அதாவது பிழையையோ ஐயத்தையோ அஞ்சாமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை பற்றி, விரிவாக எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும், கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்கிறது. கூட்டத்தில் உங்களைப் பேசவைத்ததை, ஒவ்வொருவரையும் வாய் திறக்கவைக்கும் அந்த முறைக்கு நெருங்கிய செயலாகவே எனக்குப் பார்க்கத் தோன்றுகிறது. அஞ்சாமல் அவரிடம் சொல்ல உங்களால் முடிந்தது ஏன் என்பதை எழுதுங்கள்.

கேட்டவரின் பதில்:

மூவருக்கும் நன்றி. சென்ற முறை அவர் இரண்டு வாரம் விடுப்பில் சென்றபோது நாங்கள் அவரை ஒரே ஒரு முறைதான் அழைத்தோம், அதுவும் ஒரு கடவுச்சொல்லுக்காக. அதைச் சேர்த்துவிட்டேன். இரவில் ஏன் அவரை அழைத்தேன் என்று யோசித்தபோது, அதற்கு முன்பு வேறொருவரின் பிழையைக் கேட்டதும் "எப்போது தெரிந்தது? இப்போது என்ன செய்யலாம்?" என்று மட்டும் அவர் கேட்டது நினைவுக்கு வந்தது, அதையும் எழுதினேன்.

வரைவை அவரிடம் காட்டினேன். அறிக்கையின் திருத்தத்தை மறுபடி சோதித்த இளைய உறுப்பினரின் பெயர் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்றார். படிவத்தில் இருநூறு சொற்களுக்குத்தான் இடம் உண்டு. அந்தப் பெயருக்கு இடம் தேட, நான் எழுதி வைத்திருந்த புகழுரைகள் அனைத்தையும் நீக்க வேண்டியதாயிற்று.